இரைச்சல் இல்லாத ஆம்ப்ளிபயர்

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரின் கையுறைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் சுகுமாரன் வீட்டில் பதினோரு ஆம்ப்ளிபயர்கள் இருக்கின்றன. வந்தவர் உட்கார நாற்காலிதான் இல்லை. எல்லாம் அவர் கையால் செய்தவை. ஈப்போ நகரத்துப் பழைய சாமான் கடைகளில் டிரான்ஸ்பார்மர் தேடி எடுத்து, மனைவி நவமணி மீன் பொரிக்கும் அதே சமையலறையில் ஈயம் உருக்கிப் பற்றவைத்தவை.

கடைசியாகச் செய்ததுதான் செல்லப் பிள்ளை. ஆம்ப்ளிபயர் என்றால் அடித்தொண்டையில் ஒரு 'ம்ம்ம்' இருக்கும். அந்த இரைச்சலை ஒழிக்க மூன்று வருடம் பாடுபட்டார். எர்த் கம்பியை இருபது முறை இடம் மாற்றினார். ஒழித்தும் விட்டார். ஆனால் யாரிடம் காட்டுவது? தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடு. சத்தத்தைக் கால்வாசி திருகினாலே பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவார்கள். ஆயிரம் வாட் செட்டைச் செய்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்கிற மனிதர் பேராக் மாநிலத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அதனால்தான் பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இலவசமாகவே செட் வைக்க ஒப்புக்கொண்டார். ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது; சனமும் பக்கத்துத் தாமான்களுக்குப் போய்விட்டது; கோயில் மட்டும் நகரவில்லை. கோயில் தலைவர் தர்மேந்திரனிடம் சுகுமாரன் கேட்டது ஒன்றே ஒன்று.

"மைக்குல எம்பேரச் சொல்லணும் அண்ணே. நானே செஞ்சதுன்னு சொல்லணும்."

ஐம்பத்திரண்டு வயதில் அதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

திருவிழாவன்று காலை ஏழு மணிக்குப் பாட்டைப் போட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்டது. சுகுமாரனுக்குக் கண் கலங்கியது. மணி ஒன்பது ஆயிற்று. பூசாரியையும் இரண்டு கோழிகளையும் தவிர ஒருவரையும் காணோம்.

தர்மேந்திரன் கையில் போனோடு வேகமாக வந்தார். "சுகு, எல்லாரும் வீட்லயே உக்காந்திருக்காங்க. பாட்டு கேக்குதாம். யாரு வீட்லயோ டிவி ஓடுதுன்னு நெனச்சிட்டாங்களாம்."

"தெளிவா கேக்குதுல்ல அண்ணே?"

"அதாம்ப்பா பிரச்சினை. கோயில் செட்டுன்னா கரகரன்னு இருக்கணும்லா. அதக் கேட்டாத்தான் சாமி கும்புட நேரமாச்சுன்னு குளிக்கவே போவாங்க. பத்து மணிக்கு அபிஷேகம். ஏதாச்சும் செய்யி."

சுகுமாரன் தன் செட்டைத் தடவிப் பார்த்தார். பெற்ற பிள்ளையின் காலை ஒடிக்கச் சொன்னதுபோல் இருந்தது. பிறகு குனிந்து எர்த் கம்பியைக் கழற்றினார். சத்தத்தைக் கடைசிவரை திருகினார். ஸ்பீக்கர் இருமியது, உறுமியது, காறியது.

பதினைந்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. அரை மணியில் கார் நிறுத்த இடமில்லை. "இந்த வருஷம் செட்டு நல்லாருக்குலா," என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அபிஷேகம் முடிந்ததும் தர்மேந்திரன் சொன்ன சொல் தவறாமல் மைக்கைப் பிடித்தார். சத்தத்தைச் சற்றே குறைக்கச் சுகுமாரன் கையை நீட்டினார். தொட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று தலைவர் கண்ணாலேயே அதட்டினார். கை தானாகக் கீழே இறங்கியது.

"ர்ர்ர்... நம்ம... ர்ர்ர்... சொந்தக் கையால... ர்ர்ர்..."

கூட்டம் கைதட்டியது. சுகுமாரனும் தட்டினார்.

பக்கத்தில் பொங்கல் தட்டோடு நின்ற ஒருவர் அவரிடம் குனிந்தார். "யாருண்ணே அது? பேரு என்ன சொன்னாங்க?"

"எனக்கும் வெளங்கல," என்றார் சுகுமாரன்.