நாக்கில் காரம்

அந்த சோப்புக் கம்பெனியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பங்கு இருந்தது, ஆளுக்கொரு அறையும் இருந்தது. மூத்தவரின் மனைவிக்கு இருந்ததெல்லாம் அவள் நாக்கு மட்டும்தான்!

சிரிக்காதீர்கள். பின்கட்டில் இரண்டு அண்டாவோடு தொழில் தொடங்கிய காலம். சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சியிருக்கிறதா இல்லையா என்று அண்ணனும் தம்பியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண்ணாக வந்திருந்தவள் ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். சுரீரென்றது. “ஐயோ, காரம்!” என்று துள்ளினாள். அன்றிலிருந்து அவள் நாக்கைத் தாண்டாமல் ஒரு கட்டியும் வெளியே போனதில்லை. முகக் கிரீம், குழந்தை சோப்பு என்று கம்பெனி பெருத்து, பரிசோதனைக் கருவி வந்த பிறகும் கொழுந்தன் அதை உறை போட்டு மூடியே வைத்திருந்தான். “அண்ணி நாக்கு இருக்கறப்ப இதெல்லாம் எதுக்கு?” என்பான். கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அந்த நாக்கு மரத்துப்போனது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் நாளைக்கு அந்தக் கட்டடத்தில் அவளுக்கு என்ன வேலை? வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பதா? சோப்பைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, “சரியா இருக்கு, அனுப்புங்க” என்றாள். வீட்டிலோ, “என்ன அண்ணி, சமையல்ல இவ்ளோ காரம்! யார் மேல கோவம்?” என்று கிண்டல் செய்தார்களே தவிர, ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

புது குழந்தை சோப்பைக் கொழுந்தனின் கைக்குழந்தைக்குத்தான் முதலில் போட்டார்கள். முதுகெல்லாம் வெந்து சிவந்து, பிள்ளை வீறிட்டது. சோப்புதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழுந்தன் நேரே வந்து சோப்பு காய்ச்சுகிற ஆளைப் பிடித்தான். எந்நேரமும் வாளியும் கையுமாகத் திரிவதால் அவருக்கு வாளி என்றே பெயர்.

“அண்ணிகிட்ட காட்டாமலே பேக்கிங்குக்குத் தள்ளிட்டியா? நாளையிலேருந்து வராதே!”

“அம்மா, உங்ககிட்டதானே கொண்டாந்தேன்? சொல்லுங்கம்மா!” என்று வாளி அவள் பக்கம் திரும்பினார்.

“கொண்டாந்தாரு. நான்தான் பாத்தேன். என் நாக்கு செத்துப் பல மாசமாச்சு.”

கொழுந்தன் தலையை ஆட்டினான். “உங்க இளகின மனசு எனக்குத் தெரியாதா அண்ணி? இந்தாளைக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்க.”

“நீ சும்மா இரு,” என்றார் கணவரும்.

நன்றாக இருக்கிறது நியாயம்! அத்தனை நாள் சொன்ன பொய்யை நம்பினார்கள், இன்றைக்கு உண்மை சொன்னால் நம்ப ஆளில்லை. மேசை மேலிருந்த அந்தக் குழந்தை சோப்பை எடுத்து ஒரு துண்டைக் கடித்து நாக்கின்மேல் வைத்துக்கொண்டாள்.

“துப்புங்க அண்ணி!”

துப்பவில்லை. உதட்டோரம் எச்சில் வழிந்தது. வழிந்த இடம் சிவந்து தடித்தது. அவள் துள்ளவில்லை, கண்கூடக் கலங்கவில்லை. கணவர் பதறிப்போய் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துண்டைத் தோண்டி எடுத்தார். நாக்கு வெந்திருந்தது.

“எரியலையா உனக்கு?”

“இல்லீங்க.”

வாளி தண்ணீர் கொண்டுவர ஓடினார். கொழுந்தன் நேரே போய், கருவியின் உறையைக் கழற்றினான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.