பிரிக்காத கடிதம்

ரூ பஜோல் தெருவில் என் கடிதப் பெட்டிக்கு அடுத்த பெட்டி, போன வருடம் இறந்துபோன ஒரு பிரெஞ்சுக் கிழவியுடையது. அதில் இன்னும் கடிதங்கள் விழுகின்றன. இன்று காலை அந்தச் சத்தம் கேட்டதும் சித்தியோடு ஒரு கல்லறைக்குப் போன நாள் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து அமெரிக்கப் பாதிரிமார் கட்டிய பள்ளிக்கூடத்தில் சித்தி ஆங்கில ரீச்சர். அங்கே ஒரு பழைய பெட்டிக்குள் நூறு வருடத்துக்கு மேலாகப் பிரிக்காத கடிதமொன்றைக் கண்டெடுத்தார். அமெரிக்கக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாய், பாதிரியாரைக் கட்டி இங்கே வந்த மகளுக்கு எழுதியது. கப்பலில் அது வந்து சேருமுன் மகள் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

“பாவம், அவவுக்கு வாசிச்சுக் காட்டுவம்,” என்றார் சித்தி.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அவளுடைய கல்லறையருகே நின்று அதைப் பிரித்து வாசித்து, எனக்காகத் தமிழிலும் சொன்னார். மாடு கன்று போட்டிருக்கிறது. பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது. அப்பிளைச் சீவி அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறேன். நேற்று நீ வந்து அடுப்படியில் நின்றாய்...

சித்தியின் குரல் நின்றுவிட்டது. கடிதத்தை மடித்து, என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இப்போது சித்தி இங்கே பக்கத்து ஊரான திரான்சியில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன்.

“சித்தி, அண்டைக்கு ஏன் பாதியிலை நிப்பாட்டினனீங்கள்?”



“மகளுக்குப் பக்கத்திலை நீலச் சட்டை போட்ட கறுத்த சின்னப் பெட்டை ஒண்டு நிண்டதெண்டு எழுதியிருந்தா. அண்டைக்கு நீயும் நீலச் சட்டைதான் போட்டிருந்தனி.”