உடம்போடு சேர்த்து

ஆனந்தராஜுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பதினாறு வருஷம். கம்பிக் கயிற்றின் தடிமனைப் பார்த்தே எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லிவிடுவான். அப்பா குப்புசாமியின் எடை அறுபத்தெட்டு. அதை அவனால் தாங்க முடியவில்லை.

போன கார்த்திகையில் பாத்ரூமில் சரிந்து கிடந்தவரைத் தூக்கும்போது கை விட்டுவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. இருபத்திரண்டாம் நாள் போய்விட்டார். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆடியில் அம்மா கிருஷ்ணவேணிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். தலைமாட்டில் அவன், கால்மாட்டில் எதிர்வீட்டு அம்சா. ஐப்பசி பிறந்ததும் அம்சா சொன்னாள்.

"மாசக் கடைசில அரக்கோணம் போறேன்பா, மவ ஊட்டுக்கு. இனிமே அங்கதான். நீ ஒண்டியா தூக்கிடுவியா? இல்லாட்டி ஏதாவது ஹோம்ல..."

கட்டிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூக்கிடுவேன்கா" என்றான். பொய்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் ஜிம் இருந்தது. மூன்று நாள் காலையில் படியேறினான். மூன்று நாளும் வாசலோடு இறங்கினான். உள்ளே இரும்பு விழும் சத்தம் கேட்டால் பாத்ரூம் தரை நினைவுக்கு வந்தது. தன் கை விட்டுவிடும் என்பது இதுவரை அவனுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நாலாம் நாள் ஜிம் நடத்தும் பிரேம்நாத் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், டெய்லி வந்து படிய எண்ணிக்கினு போறீங்க? பதினெட்டுதான். சரியா இருக்குதா?"

"உள்ள ஆஞ்சநேயர் படம் இருக்குது. எங்க அப்பா போயி இன்னும் வருஷம் திரும்பல. அதான்."

"பதினாறாம் நாள் காரியம் முடிச்சிட்டீங்க இல்ல? வேலைக்குப் போறீங்க இல்ல? அங்க சாமி படம் இல்லயா?"

இருந்தது. போகிற தொழிற்சாலைகளிலெல்லாம் இருந்தது.

"பசங்க சிரிப்பாங்கன்னு பயமா சார்?"

"இல்லபா. கீழ போட்டுடுவேன்."

"போடுங்க. அதுக்குத்தான் தரையில ரப்பர் போட்டிருக்குது."

உள்ளே ஒரு மணல் மூட்டையைக் காட்டினான். இருபத்தைந்து கிலோ. ஆனந்தராஜ் கையை நீட்டிப் பிடித்துத் தூக்கினான். முழங்கால் உயரத்தில் நழுவி விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்கு சார் தள்ளிப் புடிக்கிறீங்க? அழுக்கு ஒட்டிக்கும்னா? கட்டிப் புடிங்க. ஒடம்போட சேத்துக்கினு கால்ல எழுந்திருங்க."

ஆனந்தராஜ் அப்படியே நின்றான். பாரம் உடம்பை விட்டு விலக விலகக் கனம் கூடும். பாலிடெக்னிக்கில் முதல் வருஷமே படித்தது. அப்பா சரிந்து கிடந்த அன்றைக்கு அவன் கழுத்தில் ஐயப்ப மாலை கிடந்தது. அப்பாவின் வேட்டி சிறுநீரில் நனைந்திருந்தது. மாலையில் பட்டுவிடக் கூடாதென்று அவரைத் தள்ளிப் பிடித்துத் தூக்கினான். "மெல்ல, சாமி" என்றார் அப்பா. மாலை போட்ட மகனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். எழ முடிந்தது. இப்போதும் முடியாமல் போயிருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஆனாலும் மறுநாள் போனான். அம்சா ஆட்டோ ஏறிப் போகும் நாள்வரை ஒரு நாளும் விடவில்லை.

அவள் போன மறுநாள் காலை. அம்மாவின் நைட்டி நனைந்திருந்தது.

"ஈரமா இருக்குதுடா. வேலைக்குப் போற சட்டை."

"பரவால்லமா. நல்ல கைய என் கழுத்துல போடு."

நெஞ்சோடு அணைத்து, காலில் எழுந்தான். ஐம்பத்து நாலு கிலோ. அப்பாவைவிடப் பதினாலுதான் குறைச்சல். சட்டையில் ஈரம் பரவியது. இரண்டடி தள்ளி நாற்காலி. உட்கார வைத்தான். கையை எடுக்கவில்லை.

"அதான் உக்காந்துட்டேனே, உடுடா" என்றாள் அம்மா.

அவனால் உடனே விட முடியவில்லை.