கையில் பை இல்லாமல் ஒரு நடை

முதல் நாளே விசில் ஊதினேன். பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவளுக்குக் கை சும்மா இருக்குமா? நான் வேலைக்குச் சேர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரியில், நாள்பட்ட மனநோயோடு வாழ்பவர்களுக்கான பகல்நேர மையம். விசில் சத்தத்துக்கு இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் சாயா நேரம் என்று டம்ளரோடு வந்து நின்றார்கள். விசில் அன்றே மேசை டிராயருக்குள் போனது.

காலையில் டிரில் வைத்ததும் சரிப்படவில்லை. ராத்திரி மாத்திரையின் தூக்கம் அப்போதுதான் கலையும். வாக்கிங்கைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன்.

சுந்தரம் சேட்டன்

பஜாரில் மிளகு மூட்டை தூக்கியவர். மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் அடங்கின, ஆனால் அதனால் வந்த பசி அடங்கவில்லை. ஒருநாள் அவர் தங்கை கலா என்னைத் தேடி வந்தாள். உடம்பு பெருத்ததால் மாத்திரையை நிறுத்தப்போவதாகச் சொல்கிறாராம். முன்பு அப்படி நிறுத்தியபோது ஆள் காணாமல் போய், வில்லிங்டன் தீவில் ஒரு கோடவுன் ஓரமாகக் கிடைத்தார்.

"இன்னொரு தடவ தேடி அலைய என்னால ஆகாது டீச்சரே. எப்படியாவது நடக்க வைங்க" என்றாள்.

டாக்டர் மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார், நடையும் வேண்டும் என்றார். சேட்டனோ மையத்தின் கேட்டைத் தாண்ட மாட்டேன் என்றார். கெஞ்சினேன், கோபித்தேன், கடைசியில் ஏன் என்று கேட்டேன்.

"கை வீசிட்டு நடந்தா ரோட்டுல ஜனம் என்ன சொல்லும்? பிராந்தன், பைத்தியம் போறான்னு சொல்லும். மூட்டை தூக்குன காலத்துல ஒருத்தனும் என்னைத் திரும்பிப் பாத்ததில்ல டீச்சரே."

எனக்குச் சுருக்கென்றது. பஜார் ரோட்டில் எல்லோர் தலையிலும் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. வெறுங்கையோடு சுற்றுவது டூரிஸ்டுகள்தான், அவர்களிடமும் கேமரா உண்டு.

பை

மறுநாள் எல்லோர் கையிலும் ஒரு துணிப்பை. மையத்துச் சமையலுக்குக் காய்கறி வாங்கும் வேலை எங்களுடையது. வேண்டுமென்றே தக்காளிக்கு ஒரு கடை, கறிவேப்பிலைக்குத் தூரத்தில் இன்னொரு கடை என்று போனோம். சமையல்காரச் சேச்சி தலையில் அடித்துக்கொண்டார். சேட்டன் கனமான கப்பைக்கிழங்குப் பையை யாருக்கும் விடமாட்டார். மழைக்காலம் முடிவதற்குள் அவரால் சட்டையின் கடைசிப் பட்டனையும் போட முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலா போன் செய்தாள். மையம் லீவு. அண்ணனைக் காணோம், பை வீட்டில் ஆணியில் தொங்குகிறது என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இருவரும் படகுத்துறை வரைக்கும் கடை கடையாக விசாரித்தோம்.

போர்ட் கொச்சிப் பக்கமிருந்து வேர்க்க வேர்க்க, இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார் சேட்டன். கலா அழுதாள். பிறகு நடுரோட்டில் வைத்துத் திட்டித் தீர்த்தாள்.

"ராத்திரி மாத்திரை போட்டுட்டுத்தான் இருக்கேன், பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்ல" என்று தங்கையின் தோளைத் தட்டினார்.

"பை எங்க சேட்டா?" என்றேன்.

"பை எதுக்கு டீச்சரே? சும்மா நடக்கத்தானே போனேன்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, எக்சர்சைஸ் சார்ட் பிறகு போடலாம். அந்த மனிதர் கேட்டிலேயே ஏன் நின்றுவிடுகிறார் என்று முதலில் கேளுங்கள். அன்று திரும்பும்போது சேட்டனின் வேகத்துக்கு எங்கள் இருவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை.