அப்பாவின் ஜூன் ஒன்று

அப்பா எழுதிய மனுவின் முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘காந்தியடிகள் சுடப்பட்ட மறுநாள் காலையில் நான் பிறந்தேன்.’ ஆபீஸ் மனுவை யாராவது இப்படித் தொடங்குவார்களா? அப்பா தொடங்கினார். ஊரே துக்கத்தில் இருந்ததால், பிள்ளை பிறந்ததற்கு ஒரு கற்கண்டுகூட யாருக்கும் கொடுக்கவில்லையாம். பிறகு திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், வயது போதவில்லை என்று வாத்தியார் எட்டு மாதம் முன்தள்ளி, முந்தைய வருஷத்து ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார்.

ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்தது வங்கதேசப் போர் நடந்த வருஷம். சண்டை நேரத்தில் போய்ப் பிறந்த நாளைப் பேசுவதா என்று சும்மா இருந்துவிட்டார். அடுத்து எமர்ஜென்சி, மனு என்றாலே பயம். எல்லாம் ஓய்ந்து எழுதிப் போட்டால், காலம் கடந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. மனுஷன் விட்டாரா? ஓய்வு பெறும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். “பொய்த் தேதியோட சாகக் கூடாதுட்டி” என்பார்.

நான் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இரண்டாயிரம் பிறக்கும் முன்பு, வெளிநாட்டுக் கணினிகளில் வருஷத்தைத் திருத்தும் வேலையில் சேர்ந்தேன். அப்பாவுக்கு ஒரே கேலி. “ஏட்டி, ஊரான் தேதியெல்லாம் திருத்துதியே, அப்பா தேதிய எப்பத் திருத்துவே?”

“திருத்திருவோம்ப்பா” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன். கல்யாணமாகிக் கொண்டாப்பூர் போன பிறகு, சைனிக்புரியில் அப்பா அம்மா வீட்டுக்கு வருவதே மாதம் ஒருமுறை என்றாயிற்று.

தெலங்கானா போராட்டத்தில் பந்த் நடந்த ஒரு நாளில் அப்பா போய்விட்டார். ரோட்டில் வண்டி இல்லை. வந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் இறப்புச் சான்றிதழுக்காக அம்மாவும் நானும் மாநகராட்சி அலுவலகத்தில் நின்றோம். படிவத்தில் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தேன். குமாஸ்தா அதைப் பேனாவால் தட்டினார்.

“பர்த் டேட் கைக்கு காலி ரக்கே, மேடம்?”

ஏன் காலியாக விட்டேன் என்று அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? அம்மா என் பக்கம் குனிந்தாள். “பென்ஷன் பேப்பர்ல உள்ளதையே போட்டுருட்டி. மாத்திப் போட்டா நான்தான் அலையணும். அவங்களுக்கு இனிமே என்ன?”

ஜூன் ஒன்று என்று எழுதினேன். படிவத்தைக் குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

சான்றிதழ் வந்தது. வயது அறுபத்து மூன்று என்றிருந்தது, உண்மையில் அறுபத்திரண்டு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள்.

“எல்லாம் சரியா இருக்கு” என்றாள்.