ஊறவைத்த எரிமலை

எரிமலைப் படம் போட்ட தபால் தலைகளை மட்டும் சேர்ப்பவள் நான். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள், மூன்று மாதம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த ஜப்பான் அம்மாள்தான். கேன்டீனில் என் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஐஸ்லாந்து, இந்தோனேசியா, ஈக்வடார் எல்லாம் இருந்தன. ஜப்பான் மட்டும் இல்லை. அத்தனையும் பார்த்துவிட்டு, என் முகவரிகூடக் கேட்காமல் ஊருக்குப் போய்விட்டார்.

கடிதம் வந்தது எனக்கல்ல. லைனில் என் பக்கத்தில் நிற்பவளுக்கு, பிள்ளைப்பாக்கத்திலிருக்கும் அவள் வீட்டுக்கு. டீ இடைவேளையில் உறையை நீட்டிக் காட்டினாள். புகை கக்கும் மலை போட்ட தபால் தலை. அஞ்சல் முத்திரையிலும் அதே மலை. முத்திரை பாதி தபால் தலைமேலும் பாதி உறைமேலும் விழுந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஸ்டாம்புக்கும் ஸ்டிக்கருக்கும் வித்தியாசம் தெரியாதவள் அவள். குரங்கு கையில் பூமாலை என்று மனதுக்குள் திட்டினேன். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக்கூட மனம் வரவில்லை.

"இத்த தண்ணில ஊற வெச்சா தனியா வந்துடும்ல?" என்றாள்.

தபால் தலை சேர்ப்பவர்கள் அப்படிப்பட்ட உறையைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். தபால் தலை உறையிலேயே ஒட்டி, முத்திரை முழுசாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"வரும். நல்லா ஊறணும்," என்றேன்.

அன்று ஓ.டி. முடியும்வரை சலிக்காமல் வேலை செய்தேன். எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் முழுசாகக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் என் நியாயம்.

மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிஷ்யூ தாளில் மடித்து வைத்திருந்த தபால் தலையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உனக்குத்தான். உன் ஆல்பத்துல ஜப்பான் இல்லன்னு நான்தான் அந்தம்மாகிட்ட கேட்டேன். உன் ஹாஸ்டலுக்கு வந்தா காணாப் பூடும்னு எங்க வூட்டு அட்ரஸ் குடுத்தேன். நேத்தே குடுத்திருப்பேன். கவரோட குடுத்தா உனக்கு வேலைதானே, அதான் பிரிச்சி எட்த்துகினு வந்தேன்."

"கவர் எங்க?"

"கூழாப் பூடுச்சு, போட்டுட்டேன். இன்னா, வேணுமா அது?"

"வேணாம்," என்றேன்.

பஸ் ஒரகடம் பாலத்தில் ஏறும்வரை, நான் சிரிப்பேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.