சினிமா கொட்டாயில் என் பொண்ணு கல்யாணம்

எங்க ஊர்ல சினிமா கொட்டாய இடிச்சா அந்த எடத்துல ஜவுளிக்கடை வரும். பிள்ளையார்பாளையத்துப் பக்கம் இருந்த கொட்டாய் மட்டும் இடிபடல. நாற்காலிய எல்லாம் புடுங்கிட்டு, பெயின்ட் அடிச்சு, அப்படியே கல்யாண மண்டபமா மாத்திட்டாங்க. போன தை மாசம் என் பொண்ணு கல்யாணத்த அங்கதான் வெச்சேன்.

வீட்ல ஒருத்தருக்கும் இஷ்டமில்ல. சென்னை ரோட்டுல ஏசி மண்டபம் இருக்கும்போது இந்தப் பழைய கொட்டாய் எதுக்குன்னு என் பொண்டாட்டி ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தா. எனக்கு அதுமேல பைத்தியம். வயசுல தறிய விட்டு எழுந்தா நேரா அங்கதான் போவேன், தரை டிக்கெட்டு. திரை இருந்த எடம் இப்ப மணமேடை. அங்க என் பொண்ணு நிக்கணும், நான் கீழ உக்காந்து அண்ணாந்து பாக்கணும். இத வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு, வீட்டுக்குக் கிட்டன்னு ஒரு சாக்கு சொன்னேன்.

மாப்பிள்ளைய என் பொண்ணேதான் பாத்துக்கினா. வாலாஜாபாத் பக்கம், பயிர் வைக்கிறவங்க. நாங்க நெசவு. ஜாதியும் வேற. மாப்பிள்ளையோட அப்பா, "புள்ள ஆசைப்படறான், வர்றோம்"னு சொன்னதோட சரி. நிச்சயத்தன்னிக்கு என் முகத்தக்கூடப் பாக்கல. அந்த மனுஷன் மனசு இளகலன்னா என் பொண்ணு அந்த வீட்ல எப்படி இருப்பா? அந்த பயம்தான் எனக்கு.

தாலி கட்டி முடிஞ்சுது. அண்ணாந்து பாத்தேன், கண்ணு கலங்கிடுச்சு. இதுல என்ன வெக்கம்.

மண்டபத்துப் பின்பாதியில பந்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள கிழக்கப் பாத்து உக்கார வெச்சாதான் மரியாதைன்னு, மேஜைய எல்லாம் நானே நின்னு திருப்பிப் போட வெச்சேன். கொட்டாய்த் தரை திரையப் பாத்துச் சரிஞ்சிருக்கும். திரை மேற்கால, அப்ப கிழக்கப் பாத்து உக்காந்தவங்க மடிப் பக்கம்தான் சரிவு. அத்தனை படம் பாத்தவனுக்கு அது புத்திக்கு வரல.

சாம்பார் கெட்டி, தப்பிச்சுது. ரசம் ஊத்தினாங்க. அது சோத்துல நிக்காம சரசரன்னு இறங்கி சம்பந்தியோட வெள்ளை வேட்டியிலயே ஊத்திடுச்சு. வரிசையில அத்தனை பேருக்கும் அதே கதி. என் பொண்டாட்டி தூரத்துல நின்னு என்னைப் பாத்த பார்வை இருக்குதே. கல்யாணத்துல சண்டை வர்றதுக்கு ஒரு அப்பளம் போதும். நான் ரசத்தையே ஊத்தி வெச்சிருக்கேன்.

ஓடினேன். "தப்பா நெனைக்காதீங்க, தரை சரிவு, நான் பாக்கல"ன்னேன். அவரு குனிஞ்சு தரையப் பாத்தாரு. அப்புறம் சோத்த இழுத்து, தன் பக்கமா நீளமா ஒரு கரை கட்டினாரு. பரிமாறறவனக் கூப்பிட்டு, "இப்ப ஊத்துப்பா"ன்னாரு. ரசம் நின்னுச்சு. பக்கத்துல இருந்த தன் தம்பியப் பாத்து, "வரப்பு கட்டாம தண்ணி விட்டா நிக்குமாடா? நீயெல்லாம் என்னாத்த வெள்ளாமை பண்ற"ன்னாரு. வரிசையே சிரிச்சிக்கினு வரப்பு கட்டுச்சு.

நான் மேஜையத் திருப்ப ஆள் கூப்பிட்டேன். அவரு என் கையப் புடிச்சு நிறுத்தினாரு.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உக்காருங்க சம்பந்தி. உங்களுக்கு வரப்பு கட்ட வராது, நான் கட்டித் தரேன்."

சம்பந்தின்னு அவரு வாயால கேக்கறது அதுதான் முதல் தடவை. பொண்ணப் பெத்தவன் முதல் பந்தியில உக்காரக்கூடாதுன்னு யாரோ பின்னால சொன்னாங்க. சொல்லிக்கினு கெடக்கட்டும்னு உக்காந்துட்டேன்.